காப்பை அவிழ்த்துப் பேத்தியை ஏந்தினேன்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வேடியப்பனை வணங்கும் அன்பர்கள் அறியும்பொருட்டு, என் குடும்பத்தில் நிகழ்ந்ததை உள்ளது உள்ளபடி எழுதுகிறேன். நான் சானமாவுக் காட்டை ஒட்டிய ஊரில் ராகியும் தக்காளியும் பயிரிட்டு வாழ்பவன். பள்ளிப்படிப்பு அதிகமில்லை, பிழையிருப்பின் பொறுத்தருள்க. மருமகளின் சம்மதம் பெற்றே எழுதுகிறேன்.

என் மகன் கண்டெய்னர் லாரி ஓட்டுநர். மருமகள் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில், நின்றபடியே செய்யும் வேலையில் இருந்தாள். சென்ற ஆண்டு சித்திரையில் அவளுக்கு மருத்துவமனையில் பெண் குழந்தை பிறந்தது. மகன் அப்போது வடக்கே பாரம் ஏற்றிச் சென்றிருந்தான்.

மறுநாளே குழந்தை நடுங்கத் தொடங்கியது. கீச்சென்ற குரலில் ஓயாமல் அழுதது. மார்பைப் பற்றும், உடனே விட்டுவிடும். எடை இறங்கியது. சோதனைகளில் காரணம் புலப்படவில்லை. பிழைக்குமா என்ற அச்சம் எங்களைப் பிடித்துக்கொண்டது.

மருமகளின் தாயார் அதை, பறவையின் நிழல் பட்டு வந்த பட்சி தோஷம் என்றார். மந்திரிப்பதற்குத் தம் ஊரான மத்தூருக்குத் தூக்கிச் செல்லவேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். நானோ வேடியப்பன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்தேன். காப்புக் கட்டியவன் பிரசவத் தீட்டில் கலப்பதில்லை. ஆகவே வார்டுக்கு வெளியே சிமெண்டு பெஞ்சில் அமர்ந்திருந்தேன். பேத்தியின் அழுகையைக் கேட்டேனேயன்றி முகத்தைக் காணவில்லை. "அப்பனே, காரணத்தைக் காட்டு" என்று வேண்டினேன். வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை.

அன்று பிற்பகல் மருமகள் சுவரைப் பிடித்தபடி வெளியே வந்தாள். அவளுக்கு வியர்த்துக் கொட்டியது.

"மாமா, தோஷமெல்லாம் இல்லீங்க. நான்தான் காரணம்."

"என்னா கண்ணு சொல்ற?"

"இடுப்பு வலிக்குன்னு மாத்திர போட்டேன். லைன்ல நிக்கணுமில்ல? அப்புறம் அது இல்லாம எழுந்திரிக்கவே முடியல. பாப்பா வயித்துல இருக்கறப்பவும் போட்டேன். இங்க வந்ததுல இருந்து மாத்திர இல்ல. எனக்கு வர்ற நடுக்கந்தான் அதுக்கும் வருது."

"டாக்டருகிட்ட சொன்னியா?"

"சொன்னா புள்ளைய புடுங்கிக்குவாங்க. நீங்களும் அம்மாவும் மொதல்ல புடுங்குவீங்க."

எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. ஆயினும் நான் கேட்ட காரணம் என் எதிரே சுவரைப் பிடித்து நின்றுகொண்டிருந்தது. அவளைச் செவிலியரிடம் அனுப்பினேன். வாசலிலேயே நின்றேன். அவளே சொன்னாள்.

"இப்பவாவது வாயத் தொறந்தியே தாயி. அந்தப் பிஞ்சுக்கு இவ்ளோ ஊசி குத்தியிருக்க மாட்டோமே" என்றார் செவிலியர். வேறு கடிந்துகொள்ளவில்லை.

மருத்துவர் எனக்கும் விளக்கினார். தாய் உட்கொண்ட மாத்திரைக்குக் கருவும் பழகிவிடுகிறது. பிறந்ததும் அது நின்றுபோவதால் இத்துன்பம். தாய்க்கும் மாத்திரையைத் திடீரென நிறுத்துவது தவறு. வேறு மருந்து தந்து மெல்ல மீட்கவேண்டும். குழந்தைக்கு அளவாகச் சொட்டு மருந்து, மங்கிய வெளிச்சம், அமைதி, தாய்ப்பால், உடலோடு சேர்த்த அணைப்பு. இருவரையும் பிரிக்கலாகாது என்றார்.

"இவகிட்டயா புள்ளைய வுடறது? நான் தூக்கிட்டுப் போறேன்" என்றார் மருமகளின் தாயார். மருத்துவர் மறுத்தார். சம்பந்தியம்மா சினந்து, மத்தூருக்குப் பேருந்து ஏறிவிட்டார்.

மருந்து பலனளிக்கும்வரை மருமகளின் கைகள் குழந்தையைத் தாங்கும் நிலையில் இல்லை. செவிலியர் என்னிடம் வந்தார்.

"தாத்தா, சட்டையக் கழட்டிட்டு உள்ள வாங்க. புள்ளைய நெஞ்சுல போட்டுக்கணும்."

"அம்மா, நான் காப்புக் கட்டியிருக்கேன்."

"அதுக்கு நான் என்னா பண்றது? எனக்கு இப்ப ஒரு நெஞ்சு வேணும்."

கோயில் பூசாரியைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் எனக்குப் பங்காளி, சம வயதினர். வேண்டியதையும் நடந்ததையும் கூறினேன்.

"யோவ், காரணத்தக் காட்டுன்னு கேட்ட, காட்டிட்டான். இப்ப தீட்டுங்கறியா? கழட்டுய்யா காப்ப! வேடியப்பன் என்னா, டோக்கன் போட்டாத்தான் ஆஸ்பத்திரிக்குள்ள வருவானா?"

அவிழ்த்தேன். திருவிழா முடியுமுன் காப்பை அவிழ்த்தது என் வாழ்நாளில் அதுவே முதன்முறை. கை கழுவி உள்ளே சென்றேன். குழந்தையை என் வெற்று மார்பில் கிடத்தித் துணியால் சேர்த்துக் கட்டினார்கள். முதலில் விறைத்துக் கத்தியது. பிறகு விட்டுவிட்டு அழுதது. பிறகு உறங்கியது. நான் அசையவில்லை.

மறுநாள் மருமகளின் நடுக்கம் தணிந்தது. குழந்தையை அவள் மார்புக்கு மாற்றினார்கள். இம்முறை விடாமல் பால் குடித்தது.

"புடுங்கலியே மாமா" என்றாள்.

நான் துணியை இழுத்து இருவரையும் போர்த்திவிட்டேன்.

மகன் வந்தபின் வீட்டில் சச்சரவு நேர்ந்தது, அதுவும் அடங்கியது. மருமகள் இன்றும் மருத்துவமனைக்குச் சென்று மருந்து பெறுகிறாள். இடையில் ஒருமுறை பழைய மாத்திரையை விழுங்கிவிட்டாள். அன்றே எங்களிடம் சொன்னாள். ஏசாமல் அழைத்துச் சென்றோம். அவளுடைய தாயார் இப்போது பேத்தியைப் பார்க்க வருகிறார். முதல் மாதம் முழுவதும் கதறிய குழந்தை, இன்று ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டு தவழ்கிறது.

வேடியப்பன் அவள் வாயைத் திறந்தான், என் பிடிவாதத்தை இளக்கினான் என்று நம்புகிறேன். அவனுக்கு என் நன்றி. தங்கள் இல்லத்திலும் ஒரு பெண் இவ்வாறு அஞ்சி மறைத்திருக்கக்கூடும். அவனை நம்பி வேண்டுங்கள். அவள் பேசத் துணியும்போது, தாயையும் சேயையும் சேர்த்தே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

இக்கடிதத்தைக் கிழித்தெறியாமல், கோயில் பெட்டியில் வைத்துக் காக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.