லோயரம்மாவின்ரை குரல்

மற்றவையின்ரை கண்ணீரை வேறை பாஷையிலை சொல்லிச் சம்பளம் எடுக்கிறதுதான் மொழிபெயர்ப்பாளர் வேலை. அதிலை சொந்தக் கண்ணீருக்கு இடமில்லை எண்டு, இந்தத் தொழிலிலை கிடந்து மாயிற உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஒரே வாங்கு

நான் யாழ்ப்பாணத்திலை லோயர். மரிசோல் குவாத்தமாலாவிலை லோயர். ரெண்டு பேரும் அகதியாய் வந்து, இரண்டாயிரமாம் ஆண்டு விண்டரிலை, கியூபெக்கிலை பார்க் எக்ஸ்டென்ஷன் பக்கம் ஒரு பிரெஞ்சு வகுப்பிலை ஒரே வாங்கிலை இருந்தம். கெட்டிக்காரி நான்தான். அவ என்ரை கொப்பியைப் பாத்து எழுதினவ.

பேந்து அவ இஞ்சத்தைச் சட்டம் படிக்கப் போனா. நானும் விண்ணப்பம் நிரப்பினன். பிள்ளை சின்னன், அடுத்த வருஷம் பாப்பம் எண்டு வைச்சிட்டன். அவ இஞ்சையும் லோயராகிச் சொந்தக் கந்தோர் திறந்தா; நான் அதிலை மொழிபெயர்ப்பாளர். திறப்புவிழாவிலை எல்லாருக்கும் முன்னாலை என்னைக் காட்டிச் சொன்னா: "எனக்குப் பிரெஞ்சு பழக்கினது இவதான். இனி எனக்காகத் தமிழ் கதைக்கப்போறதும் இவதான்."

ஒரு தட்டு ரோல்ஸ்

மன்னார் அண்ணை ஒருத்தரின்ரை அகதிக் கேஸ். அவர் சொன்ன திகதியும் ஆசுப்பத்திரித் துண்டிலை இருந்த திகதியும் ஒத்துவரேல்லை. அதைக் கண்டுபிடிச்சது நான். ஞாயிறு பூசைக்கும் போகாமல், அவரைக் கேட்டுக் கேட்டுத் திருத்தினதும் நான்.

கேஸ் வெண்ட உடனை ஒரு தட்டு ரோல்ஸோடை வந்தார். என்னைத் தாண்டிப் போய் மரிசோலின்ரை மேசையிலை வைச்சார். எனக்கு வயிறு பத்தி எரிஞ்சுது. பேந்து என்ரை பக்கம் திரும்பி அவர் சொன்னதை, ஒரு சொல்லும் குறைக்காமல் நானே அவவுக்குப் பிரெஞ்சிலை சொல்லவேண்டி வந்தது: "அக்கா, லோயரம்மாவுக்கு ஒருக்கா விளங்கப்படுத்துங்கோ, அவவைச் சாகுமட்டும் மறக்கமாட்டன்."

மாதா கோயில் மண்டபம்

மரிசோல் கியூபெக் சட்டசபைக்குத் தேர்தலிலை நிண்டா. எங்கட சனத்துக்கு அவ பேசினது சட்டக் கடுதாசி மாதிரி வறண்ட பேச்சு. நான் அதை எங்கட தமிழிலை, நெஞ்சிலையிருந்து சொன்னன். அவவுக்காக எண்டு நினையாதேங்கோ. ஒரு பத்து நிமிஷமாவது தேர்தலிலை நிக்கிறது நான் மாதிரி இருந்தது.

மண்டபம் முழுக்கக் கைதட்டல், எல்லாம் அவவுக்கு. ஒரு மாமி கண்ணைத் துடைச்சுக்கொண்டு என்னட்டை வந்தா: "பிள்ளை, அந்த மனுசி கதைக்கேக்கை எனக்கு அழுகையே வந்திட்டுது. உமக்கு ஒண்டும் செய்யேல்லையோ?"

லாச்சி

அவ வெண்டிட்டா. கந்தோரை மூட, சாமான் அடுக்கினம். என்ரை மேசை லாச்சியை அவதான் இழுத்தா. உள்ளுக்கை சட்டப் படிப்புக்கு ஏழு விண்ணப்பங்கள். வருஷத்துக்கு ஒண்டு, எல்லாம் நிரப்பி, கையெழுத்தும் வைச்சு, ஒண்டும் அனுப்பாமல்.

வெக்கத்திலை எனக்கு முகம் சுட்டுது. இனி மறைச்சு என்ன எண்டு, இவ்வளவு காலமும் அவவிலை எனக்குப் பொறாமை எண்டதைச் சொல்லிப்போட்டன். அவ சிரிக்கேல்லை. அந்தத் தாள்களை ஒவ்வொண்டாய்ப் பாத்து முடிச்சிட்டு, மெல்லமாய்ச் சொன்னா: "வகுப்பிலை உன்னிலை பட்ட எரிச்சலிலைதான் நான் படிச்சனான். சட்டச் சோதினைக்குப் போன உடனை நீயும் வந்திருக்கிறியோ எண்டுதான் தேடினனான். உன்னைக் காணேல்லை எண்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது."

ரெண்டு பேரும் ஒரே அளவு பொறாமைதான் பட்டிருக்கிறம்; அவ அதோடை போய்ச் சோதினை எழுதினா, நான் அதையும் லாச்சிக்குள்ளை வைச்சுப் பூட்டிப்போட்டன்.