தாய்மாமன் மடி

குறிஞ்சிப்பாடி வெண்மதியின் மகளுக்குப் புற்றுநோய். எலும்புக்குள் இருக்கும் ஸ்டெம் செல்களை ரத்தத்துக்கு வரவழைக்கத் தினமும் ஊசி போட்டார்கள். உடம்பெல்லாம் வலித்துக் குழந்தை அழுதது. பார்க்க வந்த அண்ணன் அன்பரசு ஆஸ்பத்திரி அறை வாசலிலேயே நின்றான்.

"கொஞ்சம் மடியில வச்சுக்கண்ணே."

"எனக்கும் புள்ளைங்க இருக்குது. ஒட்டிக்கும்."

மெஷின் செல்களைப் பிரித்தெடுக்கும்வரை குழந்தையை மடியில் வைத்திருந்தவர் நர்ஸ் இளவரசு. கடும் மருந்துக்குப் பின் அந்தச் செல்களைத் திரும்ப ஏற்றியதில் அவள் பிழைத்தாள்.

முடி வளர்ந்ததும் சிதம்பரத்தில் காதுகுத்து வைத்தார்கள். வெண்மதி சிரித்த முகத்தோடு போய் அண்ணனை அழைத்தாள். தாய்மாமனாகப் பட்டு வேட்டியில் மணையில் உட்கார்ந்தவன், சொந்தமெல்லாம் பார்க்கக் குழந்தையை மடியில் வாங்கக் கை நீட்டினான்.

"எந்திரிண்ணே, ஒட்டிக்கப் போவுது" என்றாள்.

அவன் எழுந்த மணையை ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் விழாவுக்கு வந்திருந்த இளவரசுவை உட்காரச் சொன்னாள்.