நிரப்பவா, வடிக்கவா?

தெருவில் அவளுக்கு 'பிரேக் டீச்சர்' என்று பெயர். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். பழகுகிறவர்களின் காலடியில் இருப்பதைப் போலவே, பக்கத்து இருக்கையில் அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அவளிடம் வருகிறவர்கள் எல்லாரும் பெண்கள். பாதிப் பேர் முதலில் வீட்டுக்காரரிடம் கற்றுக்கொள்ளப் போய், நடுரோட்டில் சண்டை போட்டுக்கொண்டு, மூக்கைச் சிந்தியபடி வந்து சேர்ந்தவர்கள்.

"பயப்படாதீங்கம்மா. எமனே குறுக்க வந்தாலும் என் கால் பிரேக்லதான் இருக்கும்" என்பாள். அவர்கள் சிரித்துவிடுவார்கள். விறைத்த தோள் இறங்கும். அதற்குப் பிறகுதான் சாவியைக் கையில் கொடுப்பாள்.

கொஞ்ச நாளாகவே நிலைக்கதவில் அவள் தோள் இடித்துக்கொண்டிருந்தது. மேசையில் வைத்ததாக நினைத்த டம்ளர் தரையில் விழுந்தது. வயதாகிறது, வேறென்ன என்று விட்டுவிட்டாள். ஒருநாள், புதிதாகப் பழக வந்திருந்த நர்ஸ் வண்டியைத் தூக்கிப்போடுகிற மாதிரி பிரேக் அடித்தாள்.

"டீச்சர், அந்த சைக்கிள்காரர நீங்க பாக்கலையா?"

"நீ பாக்கறியான்னுதான் பாத்தேன்" என்று சொல்லிச் சமாளித்தாள். நர்ஸ் நம்பிவிட்டாள். அன்றைக்கு இருந்த மற்ற வகுப்புகளை டீச்சர் தள்ளிவைத்தாள்.

கண் மருத்துவமனையில் ஒரு பெட்டிக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். ஏதோ ஒன்றிரண்டு வந்தது. பிறகு வெகுநேரம் ஒன்றும் இல்லை.

"மிஷின் நின்னுபோச்சா பாருங்கம்மா" என்றாள்.

"இல்லம்மா, ஓடிட்டுதான் இருக்கு" என்று பதில் வந்தது.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. கண் நரம்பு பட்டுப்போயிருக்கிறது, ஓரப் பார்வை போய்விட்டது, நேரே இருப்பது மட்டும் குழாய் வழியாகப் பார்ப்பது போலத் தெரிகிறது என்றார். "போனது திரும்பி வராதும்மா. மிச்சம் இருக்கறத சொட்டு மருந்து போட்டுக் காப்பாத்தலாம். இனிமே வண்டி ஓட்டாதீங்க. பக்கத்துல உக்காந்து கத்துக்குடுக்கவும் வேணாம்."

கணவர் வீட்டின் முன்னறையிலேயே தையல் மிஷின் போட்டுத் துணி தைக்கிறவர். அதிகம் பேசமாட்டார். ஒரு வாரம் கழித்து, மிஷினைப் பார்த்துக்கொண்டே, "வண்டிய வித்துடலாமா?" என்று கேட்டார்.

"எதுக்கு? கொஞ்ச நாள் நிக்கட்டும். மருந்து போட்டா சரியானாலும் ஆகும். யாரு கண்டா?"

 மிஷின் மறுபடி கடகடவென்று ஓடியது.

வண்டியைச் சும்மா நிறுத்திவைத்தால் வீணாகிவிடும் என்று அவளுக்குத் தெரியும். தானே உட்கார்ந்து அதைத் துடைத்தாள். இருக்கை இடுக்கில் யாருடைய ஹேர்பின்னோ, ஒற்றைத் தோடு ஒன்று, மிட்டாய்க் காகிதம். கம்பளத்தைத் தூக்கி வெயிலில் போட்டாள். பிறகு, அவளுடைய வண்டியை எப்போதும் பார்க்கும் மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். அவன் பழைய ஆயிலை இறக்கிப் புது ஆயில் ஊற்றினான். கை துடைத்துக்கொண்டு கேட்டான்:

"எவ்வளவு நாள் நிக்கப்போகுது டீச்சர்?"

"ஏன் தம்பி?"

"ஒரு வருஷத்துக்குள்ள எடுப்பீங்கன்னா டாங்க்க விளிம்பு வரைக்கும் நிரப்பி வெச்சிடலாம், துரு பிடிக்காது. அதுக்கும் மேலன்னா பெட்ரோல் கெட்டுப்போகும். சுத்தமா வடிச்சிடணும். நிரப்பவா, வடிக்கவா?"

வாசலில் நின்றிருந்த கணவர் உள்ளே போய்விட்டார்.

"நிரப்பிடு" என்றாள். "வா, நானும் பங்க்குக்கு வரேன்."

அவன் ஓட்ட, அவள் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். கால் தானாகப் பிரேக்கின் மேல் போய் அமர்ந்தது. ஜன்னலைத் திறந்துவிட்டாள். காற்று முகத்தில் அடித்தபோது, கண்ணுக்கு ஒன்றுமே ஆகவில்லை, டாக்டர்தான் பெரிதுபடுத்துகிறார் என்று தோன்றியது. மருந்துக்கடை முனையில் வண்டி குலுங்கி நின்றது.

"எதுக்கு நிறுத்தின?"

 அவள் தலையைத் திருப்பித் திருப்பித் தேடினாள். அப்புறம்தான், குடையும் பையுமாக ஒரு பெண் பானட்டின் ஓரத்தில் கை ஊன்றி நிற்பது தெரிந்தது. மயிரிழையில் தப்பியிருக்கிறாள். வாய் திறந்து திட்டிக்கொண்டிருந்தாள். டீச்சர் குனிந்து தன் காலைப் பார்த்தாள். அது அசையவே இல்லை.

"வண்டியத் திருப்பு."

"பங்க் வந்திருச்சு டீச்சர், அதோ தெரியுது பாருங்க."

"தெரியட்டும். திருப்பு தம்பி. வடிச்சிடலாம்."

வீட்டு வாசலில் பெட்ரோல் கேனுக்குள் இறங்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது. பேட்டரியை நானே கழற்றுவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். பாதியில் ஸ்பானர் கைதவறி விழுந்தது. மண்டிபோட்டு உள்ளங்கையால் தரையைத் தடவினாள். அது அவள் முழங்காலுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. எடுத்துத் தர வந்த மெக்கானிக்கைக் கணவர் கண்ணால் தடுத்தார். பிறகு, சத்தமில்லாமல், ஸ்பானரைக் காலால் மெல்ல மெல்லத் தள்ளி அவள் பார்வைக்கு நேரே கொண்டுவந்து விட்டார். "இங்கதான் இருக்கு சனியன்" என்று எடுத்துக்கொண்டாள். அவர் செய்தது அவளுக்குத் தெரியும்.

கை பிரேக்கை விடுவித்து, ஜாக்கி வைத்துத் தூக்கி, நான்கு பக்கமும் முட்டுக்கொடுத்தார்கள். சக்கரங்கள் தரையைத் தொடாமல் தொங்கின. எலி புகாமலிருக்க மெக்கானிக் புகைக்குழாய் வாயில் துணியைத் திணித்தான்.

"மறுபடி எடுக்கும்போது இந்தத் துணிய உருவ மறந்துடாதீங்..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"எடுக்கறவங்க யாரோ, அவங்ககிட்ட சொல்லு."

கணவர் தைத்துவைத்திருந்த உறையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துப் போர்த்தினார்கள். அவள் உள்ளே போய்ப் பட்டப்பகலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அவர் கொண்டுவந்து வைத்த டீ ஆடை படிந்து ஆறிப்போனது.

அதற்குப் பிறகு அவள் வண்டி நிற்கும் பக்கம் போகவில்லை. துணி துவைத்தாலும் கொல்லைப்புறமாகச் சுற்றிப் போய்த்தான் காயப்போட்டாள். நேரம் தவறாமல் சொட்டு மருந்து போட்டுக்கொண்டாள். பார்வைக் குழாய் இன்னும் கொஞ்சம் குறுகத்தான் செய்தது.

மழைக்காலம் முடிந்து ஒருநாள் போன் வந்தது. பழக்கமில்லாத பெண் குரல்.

"டிரைவிங் சொல்லிக்குடுக்கற டீச்சரா? எனக்கு ரொம்ப பயம்ங்க. உங்ககிட்டன்னா பயமில்லாம பழகலாம்னு சொன்னாங்க."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள்.

"ஹலோ? இருக்கீங்களா?"

"இங்க அப்படி யாரும் இல்லம்மா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மிஷினை நிறுத்திவிட்டுக் கணவர் கேட்டார்: "யாரு?"

"ராங் நம்பர்."

 அவர் குனிந்து ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தார்.