லாரியில் ஏறிய எல்லைக் கம்பு

போன மாதம் என் சிநேகிதன் சபாபதி கப்பலிலிருந்து லீவில் வந்தான். வந்த அன்றைக்கே என் வீட்டுச் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, கலர் ஸ்லைடு காட்ட ஆரம்பித்துவிட்டான். குவாத்தமாலாவாம். கப்பல் பழுதாகித் துறைமுகத்தில் நின்ற சமயம் மலைக்குப் போய் வந்தானாம். மரத்துக்கு மரம் மேகம் தங்கியிருக்கும் காடு. அதற்குள் மாயா ஜனங்களின் ஊர்கள். கோயில் தரையெல்லாம் பைன் இலையைப் பரப்பி, மெழுகுவத்தி ஏற்றிக் கும்பிடுகிறார்கள்.

"மேகம் வந்து உக்கார்ற காடு... உங்க ஊர்ல உண்டாடா?" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. கோடைக்கானல் என்றால் ஏரி, படகு, பேரிக்காய் என்று நினைக்கிறவர்களோடு எனக்கு எப்போதுமே ஒத்துப்போவதில்லை. மறுவாரமே அவனைக் கிளப்பிவிட்டேன்.

கோடைக்கானலிலிருந்து உருளைக்கிழங்கு லாரியில் தொற்றிக்கொண்டு போய், ரோடு முடிந்த இடத்திலிருந்து கிளாவரைப் பக்கம் நடந்தோம். பூண்டுத் தோட்டங்களைத் தாண்டிச் சோலைக்குள் நுழைந்ததும் மேகம் வந்து எங்களை மூடிக்கொண்டது. பாசி பிடித்த கிளைகளிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். முன்னால் போன சபாபதியின் முதுகு தெரியவில்லை. அதைவிட முக்கியம் — அவன் குரல் கேட்கவில்லை. எனக்குப் பரம திருப்தி.

நாங்கள் போய்ச் சேர்ந்த சிற்றூரில் அம்மன் சாட்டு, அதாவது திருவிழா. முந்தின நாள்தான் காப்புக் கட்டியிருந்தார்கள். ஊர் வாசலில் மஞ்சள் துணியும் வேப்பிலையும் சுற்றிய கம்பு ஒன்று நட்டிருந்தது. அந்தக் குளிரில் வேப்பமரம் ஏது? பழனியிலிருந்து குதிரைப் பொதியில் வருகிற வேப்பிலை அது.

கம்புதான் எல்லை. காப்புக் கட்டும்போது ஊருக்குள் இருந்தவர்கள் யாரும், சாட்டு முடிகிற வரை அதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஊருக்கே ஆகாது. பிறகு வந்த எங்களுக்குத் தடையில்லை. பூசாரி செல்லாண்டி தம் வீட்டிலேயே எங்களைத் தங்க வைத்தார். அவர் மகள் வள்ளி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள்.

மறுநாள் வெள்ளனே அவளுக்கு வலி கண்டது. வெகு நேரம் உள்ளே இருந்த மருத்துவச்சி வெளியே வந்து, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, தன் கைக்கு அடங்காது, கோடைக்கானல் ஆஸ்பத்திரிக்கு வெரசாகக் கொண்டுபோங்கள் என்றாள்.

கொண்டுபோவது எப்படி? டோலி தூக்குகிறவர்களும் காப்புக்குக் கட்டுப்பட்டவர்கள், வள்ளியும் கட்டுப்பட்டவள். கட்டுப்படாத நாம் இரண்டு பேரும் தூக்கலாமே என்றான் சபாபதி. மருத்துவச்சி என் தொந்தியைப் பார்த்தாள். நான் என் பங்குக்கு, உயிரைவிடவா வழக்கம் பெரிது என்று பிரசங்கத்தை ஆரம்பித்தேன். அதையும் யாரும் கேட்கவில்லை.

ஊர் கோயில் முன்னால் கூடிவிட்டது. வேறு யார் வீட்டுப் பெண்ணாக இருந்தாலும் பூசாரி ஒரு வார்த்தையில் முடிவு சொல்லியிருப்பார். இது சொந்த மகள். போகலாம் என்றால் நாளைக்கு அவர் பேச்சு ஊரில் எடுபடாது. வேண்டாம் என்றால் மகள் இருக்கமாட்டாள். மனிதர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

மொக்கையன் என்பவர் எழுந்தார். "நேத்து எம்மவன் பழனிக்குக் கெளம்பினான். கம்பக் காட்டி நிறுத்துனீக. இன்னைக்கு உங்க மகளுக்கு வேற எல்லையாங்க?"

நியாயமான கேள்விதானே?

பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்றார் ஒருவர். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி அம்மன் முன்னால் போட்டு, ஒன்றை எடுக்கச் சொல்லிக் கேட்கிற வழக்கம். வெள்ளை வந்தால் உத்தரவு.

செல்லாண்டி மாட்டேன் என்று தலையை ஆட்டினார். "செவப்பு வந்தா எம்மகள விட்டுர்றதா? நான் கேக்க மாட்டேன். ஆத்தாளையும் அப்பிடி ஒரு பாவத்துல நிறுத்த மாட்டேன்."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று ஊர் வாசலுக்குப் போனார். அம்மனை நினைத்துக் கும்பிட்டார். கம்பை இரண்டு கையாலும் அசைத்துப் பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

"எல்லை எல்லாருக்கும் ஒண்ணுதாங்க. அது இப்ப முன்னால போகுது. பின்னால வர்றவுக யாரும் தாண்டலை. உங்க மவனையும் வரச் சொல்லுங்க."

மொக்கையன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, டோலிக் கம்பின் முன்முனைக்குத் தோள் கொடுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்?

சோலை வழியாகப் போனோம். முன்னால் கம்போடு பூசாரி, பின்னால் டோலி, அதற்கும் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு நான். ரோட்டில் உருளைக்கிழங்கு லாரி நின்றது. டிரைவர் ஒரு கேள்வியும் கேட்காமல் மூட்டைகளை இறக்கிப்போட்டார். கம்பை லாரியின் முன்பக்கம் கட்டினார்கள். லாரி எவ்வளவு வேகமாக ஓடினாலும் எல்லை எங்களுக்கு ஒரு முழம் முன்னாலேயே ஓடியது.

ஆஸ்பத்திரியின் பின்வாசலுக்கு அப்பால், வேலிக்கு அந்தப் பக்கமாகக் கம்பை நட்டார் செல்லாண்டி. மகளை உள்ளே கொண்டுபோனதும் அதே லாரியில் திரும்பிவிட்டார். சாயங்காலப் பூசைக்கு அவர் ஊரில் இருந்தாக வேண்டும். ஆபரேஷன் முடிந்து பிள்ளை அழுத சத்தம் கேட்டபோது, அவர் பாதி வழியில் இருந்திருப்பார். சேதி சொல்ல, டோலியோடு வந்திருந்த மொக்கையன் மகன் ஓடினான்.

பெண் குழந்தை. தாயும் சுகம். ஆஸ்பத்திரித் தோட்டக்காரர் கம்பைப் பிடுங்க வந்தபோது, மலையிலும் கடலிலும் எதற்கும் மசியாத சபாபதி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, தொடக் கூடாது என்று சட்டம் பேசினான். குவாத்தமாலாவை ஒரு தடவைகூட இழுக்கவில்லை.

மறுநாள் வள்ளியைப் பார்க்கப் போனேன். "கோடைக்கானல்ல பொறந்த பொண்ணு, கான்வென்ட்டுல படிக்க வைக்கணும்" என்றேன்.

"இல்லிங்க, எங்க ஊர்லதான் பொறந்தா" என்றாள் அவள், பிள்ளையைப் போர்த்திவிட்டுக்கொண்டே. "அப்பா எல்லைய வேலிக்கு அங்கிட்டுல்ல நட்டுட்டுப் போயிருக்காரு."

அதாவது சாட்டு முடிகிற வரைக்கும் அந்த ஆஸ்பத்திரியும் சிற்றூருக்குள்தான். ஏரிக் கரையில் குதிரைச் சவாரி செய்தவர்கள் அந்தச் சிற்றூருக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள்... கோடைக்கானல் முனிசிபாலிடிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து மூச்சு விடாதீர்கள்.