சூடு ஆறும் நேரம்

எங்கள் பக்கத்தில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. டிராக்டர்க்காரம்மா என்றால்தான் தெரியும். எங்கள் நிலத்தையும் அவள்தான் உழுது தருகிறாள். மூலையில் மண்ணைக் கிளறாமல் விட்டுவிட்டு ஒப்பேற்றுகிற வேலை அவளிடம் கிடையாது. வரப்பை ஒட்டி, சீப்பு வைத்து வாரியது போல உழுதுவிட்டுத்தான் இறங்குவாள்.

முன்பு அந்த வண்டியை ஓட்டியவன் அவள் புருஷன். அவனுக்கு மெதுவாக்காரன் என்று பெயர். யார் எதற்கு அவசரப்பட்டாலும் அவன் வாயிலிருந்து முதலில் வருவது "மெதுவா, மெதுவா" என்பதுதான். சாப்பிடுவதும் அப்படித்தான், சண்டை போடுவதும் அப்படித்தான். அவன் கோபப்பட்டு முடிப்பதற்குள் எதிராளிக்குக் கோபம் போய்விடும் என்று அவன் சிநேகிதனான ஊர் மெக்கானிக் கேலி செய்வார்.

வண்டியிடமும் அதே நிதானம். உழவு முடித்து வந்து ஷெட்டுக்குள் விட்டதும் இஞ்சினை அணைத்துவிட மாட்டான். ஆக்சிலேட்டரை முழுக்கக் குறைத்து, ஸ்லோவில் சில நிமிஷம் ஓட விட்டு, சீட்டிலேயே சாய்ந்து உட்கார்ந்திருப்பான். பகலெல்லாம் உழைத்த வண்டி மூச்சு வாங்கி முடிக்க வேண்டும் என்பான்.

ஷெட்டும் சமையலறையும் ஒரே சுவரைப் பகிர்ந்து நின்றன. ஸ்லோவில் ஓடும் இஞ்சின் அந்தச் சுவரை மெல்லத் தட்டும். அலமாரியில் சாய்த்து வைத்த எவர்சில்வர் தட்டுகள் ஒன்றோடொன்று உரசிச் சிலிர்க்கும். தட்டு சிலிர்க்க ஆரம்பித்தால் அவள் அடுப்பைப் பற்ற வைப்பாள். சிலிர்ப்பு நின்றதும் பரிமாறுவாள். அந்த வீட்டில் அதற்குக் கடிகாரமே தேவைப்படவில்லை.

வீட்டில் இன்னொருத்தி இருந்தாள், அவன் தங்கை. கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல் திரும்பி வந்தவள். முன்னறையில் தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு ஊர்த் துணியெல்லாம் தைத்துக் கொடுத்தாள். அண்ணியும் நாத்தனாரும் வாய்க்கு வாய் கிண்டல் செய்துகொள்கிற உறவு.

அன்றைக்கு அவன் இறுகிக் கிடந்த நிலம் ஒன்றை வெயிலில் உழுதுவிட்டு வந்தான். சாயங்கால வெளிச்சம் இன்னும் இருந்தது. வண்டி ஷெட்டுக்குள் நுழைந்தது, சத்தம் இறங்கியது, தட்டுகள் சிலிர்த்தன. அவள் அடுப்பைப் பற்ற வைத்தாள். குழம்பு சூடானது. தட்டு எடுத்து வைத்தாள். சிலிர்ப்பு மட்டும் நிற்கவில்லை. யாரோ வழியில் போகிறவன் பேச்சுக்குப் பிடித்துக்கொண்டான் போலிருக்கிறது என்று நினைத்தாள்.

"உங்க அண்ணன் பேசாம அந்த வண்டியவே கட்டிக்கிட்டிருக்கலாம்" என்று முன்னறையைப் பார்த்துச் சொன்னாள்.

"வண்டி ஒத்துக்கணுமே அண்ணி" என்றாள் நாத்தனார், மிஷினை மிதித்தபடியே.

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவள் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடிக்க உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் மடித்து முடித்த பிறகுதான் எரிச்சலோடு எழுந்து போனாள்.

அவன் சீட்டில் இருந்தான். ஸ்டியரிங்கின் மேல் கையை மடித்து, அதில் நெற்றியை வைத்திருந்தான். களைப்பில் தூங்கிவிட்டான் என்றே நினைத்தாள். கூப்பிட்டாள். தோளைத் தொட்டாள்.

ஆட்கள் ஓடி வந்து அவனை இறக்கினார்கள். வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. யாரோ சாவியைத் திருகி உருவினார்கள், அப்போதும் நிற்கவில்லை. பழைய வண்டி அது. அணைக்க வேண்டுமானால் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் கம்பியை இழுத்துப் பிடிக்க வேண்டும். அங்கே இருந்த யாருக்கும் அது தெரியாது. டாக்டர் வந்து குனிந்து நெஞ்சில் குழலை வைத்துப் பார்த்தபோதும், பின்னால் அது நிதானமாகத் தட்டிக்கொண்டிருந்தது. மாரடைப்பு, முன்னாடியே பார்த்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். அதைக்கூட அவள் காதில் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

கடைசியில் மெக்கானிக் வந்தார். தரையில் கிடந்த சிநேகிதனைப் பார்த்தார். வண்டியில் ஏறிக் கம்பியை இழுத்தார். "அந்த நிமிஷம்தான் எனக்கு அவர் போனாரு" என்று அவள் பிற்பாடு சொல்லியிருக்கிறாள்.

வண்டி கொஞ்ச காலம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. புருஷன் வழிச் சொந்தக்காரர்கள், பொம்பளை வீட்டில் டிராக்டர் எதற்கு, நாங்கள் கொண்டு போகிறோம் என்று வந்து நின்றார்கள். அவள் வண்டியைக் கொடுக்கவில்லை. மறுநாளே மெக்கானிக்கைக் கூப்பிட்டு, வெட்டவெளியில் ஓட்டக் கற்றுக்கொண்டாள். கியர் பிடிபடாமல் வண்டி துள்ளித் துள்ளி நின்றதைப் பார்த்து நாங்கள் சிரித்திருக்கிறோம். அடுத்த உழவுக்கு அவளைத்தான் போய்க் கூப்பிட்டோம்.

ஒன்று மட்டும் அவளால் முடியவில்லை. ஷெட்டுக்குள் நுழைந்து சக்கரம் நிற்பதற்கு முன்பே கம்பியை இழுத்துவிடுவாள். கொதிக்கக் கொதிக்க வண்டி ஒரு உதறு உதறிவிட்டு அடங்கும்.

சில மாதங்களில் புகைக்குழாயில் நீலப் புகை வந்தது. மேட்டில் ஏற வண்டி திணறியது, உள்ளே விசில் அடிப்பது போல ஒரு சத்தம். மெக்கானிக், இஞ்சினுக்குள் காற்றைத் தள்ளுகிற சுழலியான டர்போவைக் கழற்றிக் காட்டினார். நடுத்தண்டில் ஆயில் தீய்ந்து, அடிப்பிடித்த பாத்திரம் மாதிரி கருகி ஒட்டியிருந்தது.

"சூடு ஆறாம அணைக்கிறியா தங்கச்சி?"

"இல்லண்ணே. ஆறவிட்டுத்தான் அணைக்கிறேன்."

"இஞ்சின் நின்னதும் ஆயில் வர்றது நின்னுடும். ஆனா இது உடனே நிக்காது. சொட்டு ஆயில் இல்லாம, அந்தச் சூட்டோட சுத்தும். அதான் இப்படித் தீயும். பாத்துக்கோ."

அவள் தலையாட்டினாள். மாற்றிக் கொடுத்த டர்போவும் அதே மாதிரி கருகியது. அவர் ஒரு சாயங்காலம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து ஷெட்டில் காத்திருந்தார். அவள் உள்ளே வந்ததும், வண்டி நிற்கும் முன்பே கை கம்பிக்குப் போனதும் அவர் கண்ணெதிரே நடந்தது.

"என்கிட்ட ஏம்மா பொய் சொன்ன?"

அவள் இறங்கி வீட்டுக்குள் போய்விட்டாள். வண்டி மறுபடியும் பட்டறைக்குப் போனது.

இது நடந்து சில நாள் கழித்து, ஒரு மத்தியானம். வண்டி பட்டறையில் பாகம் பாகமாகக் கிடந்தது. அவள் சமையலறையில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அலமாரியில் தட்டுகள் சிலிர்த்தன. சுவருக்கு அந்தப் பக்கம், ஸ்லோவில், அந்தச் சத்தம்.

அது அவளுக்குப் புதிதல்ல. அவன் போன நாளிலிருந்து அவ்வப்போது வருவதுதான். வரும்போதெல்லாம் அசையாமல் உட்கார்ந்திருப்பாள், தானாகப் போய்விடும். யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கு என்னவோ முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். பின்கதவைத் திறந்து ஷெட்டுக்கு நடந்தாள்.

ஷெட் வாசலில் நாத்தனார் நின்றிருந்தாள். கழுத்தில் அளவு நாடா, கையில் கத்தரிக்கோல். உள்ளே ஒன்றுமில்லை. தரையில் ஆயில் கறை மட்டும்.

"உனக்கும் கேக்குதா?" என்றாள் இவள்.

நாத்தனார் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினாள். "உங்களுக்குமா அண்ணி?"

"எப்பலேருந்து?"

"அண்ணன் போனதுலேருந்துதான். வந்துச்சுன்னா மிஷினை வேகமா மிதிப்பேன். அந்தச் சத்தத்துல இது அமுங்கிடும்."

அந்த மிதி இவளுக்கும் கேட்டிருக்கிறது. ஆளில்லாத மத்தியானத்தில் எதற்கு இப்படித் தலைதெறிக்க மிதிக்கிறாள் என்று நினைத்திருக்கிறாள்.

"எனக்குப் பைத்தியம் பிடிச்சுடுச்சுன்னு இருந்தேன்."

"நானும்தான்" என்றாள் நாத்தனார். "அன்னிக்கு நான் அந்தக் கிண்டலைப் பண்ணாம இருந்திருந்தா, நீங்க அப்பவே எழுந்து போயிருப்பீங்க" என்றாள்.

"நீ சும்மா இருந்திருந்தாலும் துணியை மடிச்சுட்டுத்தான் போயிருப்பேன்."

இரண்டு பேரும் காது கொடுத்துக் கேட்டார்கள். சத்தம் எப்போது நின்றது என்று இருவருக்கும் தெரியவில்லை.

டிராக்டர்க்காரம்மா அப்படியே பட்டறைக்கு நடந்து போய் மெக்கானிக்கிடம் உள்ளதைச் சொன்னாள். "வண்டி ஸ்லோல நின்னா என்னால அது பக்கத்துல இருக்க முடியலண்ணே. கை தானா இழுத்துடுது."

மத்தியானச் சத்தத்தையும் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"வரும்போதே கடைசித் தூரத்தை லேசா ஓட்டிட்டு வா. பாதிச் சூடு வழியிலேயே இறங்கிடும். மீதிக்கு நின்னுதான் ஆகணும், அதுக்கு வேற வழி இல்ல. ஆனா தனியா நிக்காத தங்கச்சி."

அப்படித்தான் ஆரம்பித்தது. வண்டி தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டதும் நாத்தனார் மிஷினை விட்டு எழுந்து ஷெட்டுக்கு வந்துவிடுவாள். இவள் ஸ்லோவில் விட்டுவிட்டு உடனே சீட்டிலிருந்து இறங்கிவிடுவாள். நின்ற இடத்தில் இஞ்சின் ஓடும்போது அந்தச் சீட்டில் சும்மா உட்கார மட்டும் இன்றுவரை அவளால் முடியவில்லை. இரண்டு பேரும் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, இஞ்சினுக்கு மேலே கத்திக் கத்திப் பேசுவார்கள். யார் வீட்டு அம்மா போன வருஷ அளவில் ரவிக்கை தைக்கச் சொல்லி அடம்பிடிக்கிறாள், எந்தச் சொந்தக்காரன் இவர்களைப் பற்றி என்ன சொன்னான், எல்லாமே தெருவுக்கே கேட்கும். அந்த வீட்டு ரகசியம் ஒன்றுகூட எங்களுக்குத் தெரியாமல் இல்லை. டர்போ அதன் பிறகு கருகவில்லை.

மத்தியானச் சத்தம் நின்றுவிட்டதா என்று ஒருநாள் அவளையே கேட்டுவிட்டேன். "வருது" என்றாள், தபால்காரர் வருகிறார் என்பது போல.

போன உழவுக்கு நாள் கேட்கப் போயிருந்தேன். வண்டி அப்போதுதான் வந்திருந்தது. நாத்தனாருக்குப் பள்ளிக்கூடச் சீருடை வேலை தலைக்கு மேல் இருந்த சமயம். பெஞ்சில் உட்கார்ந்து காலர் அளவைப் பற்றி ஏதோ கத்திக்கொண்டிருந்தவள், பேச்சு குறைந்து, தூணில் சாய்ந்து, தலையை முன்னால் தொங்கவிட்டாள். நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை. டிராக்டர்க்காரம்மா கவனித்தாள். ஒரு தரம் கூப்பிட்டாள். பதில் இல்லை.

அவள் முகம் போன போக்கை நான் இதுவரை யாரிடமும் பார்த்ததில்லை. இரண்டு கையாலும் நாத்தனாரின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஏய்! ஏய்! எந்திரிடி!" அந்தக் குரலில் இஞ்சின் சத்தமே எனக்குக் கேட்காமல் போனது.

"என்னண்ணி, ஒரு கண்ணு அசர விடமாட்டீங்களா?" என்று நாத்தனார் எரிந்து விழுந்தாள். பிறகு இவள் முகத்தைப் பார்த்தாள். தோளைப் பிடித்திருந்த கை இன்னும் விடவில்லை. நாத்தனார் அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "நான் வேணா வண்டிய அணைச்சுடவாம்மா?" என்று எழுந்தேன்.

"வேணாம், உக்காருங்க" என்றாள், என் பக்கம் திரும்பாமல்.

உட்கார்ந்தேன். நாத்தனார் சீருடைக் காலரை விட்ட இடத்திலிருந்து, முன்னைவிடச் சத்தமாக, மறுபடியும் ஆரம்பித்தாள். டிராக்டர்க்காரம்மா ஒரு வார்த்தையும் காதில் வாங்கவில்லை, நாத்தனாரின் உதடு அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சூடு ஆறிய பிறகு எழுந்து போய்க் கம்பியை இழுத்தாள். வியாழக்கிழமை காலையில் என் நிலத்துக்கு வருவதாகச் சொல்லிவிட்டு, நாத்தனாரை முன்னால் நடக்கவிட்டு வீட்டுக்குள் போனாள்.