செஞ்சம்மா தந்த ரத்தம்

போன வாரம் ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன். அறிக்கையின் நடுவில் 'ஈசினோபில் சற்று அதிகம்' என்று இருந்தது. தூசு ஒவ்வாமையாக இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். அந்த ஒரு சொல்லைப் படித்ததும் என் மூக்கில் இறால் ஓட்டின் வாசம் ஏறியது அவருக்கு எப்படித் தெரியும்?

ஈசினோபில் வெள்ளை அணுக்களில் ஒரு வகை. சாயம் போட்டுப் பார்த்தால் உள்ளே செக்கச்செவேலென்று மணிகள் தெரியும். ஒவ்வாமை வந்தால் உடம்பு கெமோகைன் என்ற புரதத்தைச் சுரந்து இவற்றைக் கூப்பிடும். இவை கூட்டமாகப் போய் மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும். இறால் உரிக்கும் பெண்களுக்கு ஏன் மூச்சிழுப்பு வருகிறது என்று பார்த்த ஒரு ஆய்வில்தான் நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்தேன். கோட்டைக்குப்பம் என்ற மீனவர் ஊரில் ரத்தம் எடுத்து, பொன்னேரி வழியாகச் சென்னைக்கு ஜீப்பில் ஓடி, அன்றைக்கே அணுக்களைப் பிரித்தாக வேண்டும். அங்கே எனக்கு 'கொசு மேடம்' என்று பெயர்.

பிரிப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. ரத்தத்தைச் சுழலவிட்டு, சிவப்பணுக்களை உடைத்து நீக்கி, மற்ற அணுக்களைக் காந்தத்தில் ஒட்டவைத்துவிட்டு, வடிந்து வருவதைப் பிடிக்க வேண்டும். முதல் வாரம் நான் வடிந்ததைக் கொட்டிவிட்டுக் காந்தத்தில் நின்றதைப் பத்திரப்படுத்தினேன். அப்படிப்பட்ட விஞ்ஞானி.

செஞ்சம்மா அக்காவை இறால் கொட்டகையில்தான் பார்த்தேன். நாற்பது வயதிருக்கும். ஊசியைக் கண்டு மற்றவர்கள் நழுவியபோது, "எனுக்கு எடு பாப்பா" என்று முதலில் கையை நீட்டியவர். இழுப்பு அவருக்குக் கடுமையாக இருந்ததால் எங்கள் குழுவின் டாக்டர் ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக்கொடுத்தார். அந்த மாத்திரை வேலை செய்தால் ரத்தத்தில் ஈசினோபில் குறைந்துவிடும். நோயாளிக்கு நல்லது. எனக்குத்தான் அடுத்த முறை அவர் ரத்தத்திலிருந்து ஒன்றும் தேறவில்லை.

அதற்கடுத்துப் போனபோது, "இன்னா பாப்பா, மூஞ்சி வாடிக் கெடக்குது?" என்று கேட்டார்.

"மாத்திரை போடுறதால உங்க ரத்தத்துல அந்த அணு கிடைக்கலக்கா" என்றேன். அலுப்பில் சொன்னது. சொன்னதையே மறந்தும் போனேன்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி அவரிடம் ரத்தம் எடுத்தேன். அவர் நெஞ்சுக்குள் மெல்லிய விசில் சத்தம் கேட்டது. கேட்டது என்றுதான் சொல்கிறேன். கேட்காதது போல இருந்தேன். ஜீப் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு அணுக்கள் கொத்துக் கொத்தாகக் கிடைத்தன. கெமோகைன் துளியை விட்டு நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன். உருண்டையாகக் கிடந்தவை சில நிமிஷத்தில் நீண்டு நெளிந்து கால் நீட்ட ஆரம்பித்தன. தட்டில் மெல்லிய சவ்வுக்குக் கீழே கெமோகைன் வைத்த குழிகளுக்கு எத்தனை அணுக்கள் இறங்கியிருந்தன என்று எண்ணி மாளவில்லை. நான் செய்த சோதனைகளிலேயே அழகானது அதுதான். வீட்டுக்குப் போகும் வழியில் எனக்கு நானே குல்பி வாங்கிக்கொடுத்தேன்.

மறுநாள் செஞ்சம்மா அக்காவின் மகள் போன் செய்தாள். பொன்னேரி ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள் என்றாள்.

ஓடினேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். முகமூடியை விலக்கி, ஒவ்வொரு சொல்லாகப் பேசினார்.

"நீதான சொன்ன, மாத்திர போட்டா அது கெடைக்கலனு. அவ்ளோ தொலைவுலேந்து வர. ஒனக்கு பேஜாராவுதேனு நாலு நாளு போடல." மூச்சு வாங்கினார். "இந்த வாட்டி நெறைய கெடச்சுதா?"

"கெடச்சுதுக்கா" என்றேன். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க முடியாமல் சலைன் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆய்வகத் தலைவரிடம் விசில் சத்தம் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "அந்த நாளைக் கணக்குல சேர்க்காத. நெறிமுறைக் குழுவுக்கு இன்னைக்கே எழுதிடு" என்றார். அதற்குப் பிறகு ஒப்புதல் படிவத்தில், ரத்தம் கொடுப்பதற்காக யாரும் மருந்தை நிறுத்தக் கூடாது என்று ஒரு வரி சேர்ந்தது. ஒவ்வொருவரிடமும் அதை வாய்விட்டுப் படித்துக்காட்டினேன். செஞ்சம்மா அக்கா ஐந்தாம் நாள் எழுந்து வீட்டுக்குப் போனார். பிறகு இறால் உரிக்கப் போகவில்லை. பஸ் நிற்கிற இடத்தில் இட்லிக் கடை போட்டார். எனக்கு ஒரு இட்லி கூடுதலாகத்தான் வைப்பார்.

ஆய்வு முடிந்தது. நான் வேறு வேலைக்குப் போனேன். அக்காவோடு போனில் பேச்சு மாதத்துக்கு ஒரு தரம், வருஷத்துக்கு ஒரு தரம் என்று குறைந்தது. ஒருநாள் அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது.

இந்த ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். கொட்டகை இருந்த இடம் சுற்றுச்சுவர் போட்ட மனையாகிவிட்டது. பஸ் நிற்கிற இடத்தில் செல்போன் கடை. வேறு யாரிடமாவது விசாரிக்கலாம் என்று தெருவில் நின்று யோசித்தேன். அத்தனை பெண்களிடம் ரத்தம் எடுத்திருக்கிறேன். ஒருவர் பெயரும் நினைவுக்கு வரவில்லை. என் நோட்டில் அவர்கள் எல்லோரும் எண்களாகவே இருந்தார்கள்.