இரண்டாம் தோல்

முப்பத்தோராண்டுகள் மின்தூக்கிகளைப் பழுதுபார்த்த அந்த மெக்கானிக்குக்குக் காய் உரிக்க வரும். பருப்பு உரிக்க வராது. குளிர்காலத்தில் காய்க்கும் பாக்லா அவரைக்கோ தோல் இரண்டு. பஞ்சுப் படுக்கை விரித்த தடித்த புறத்தோலைப் பிளப்பது அவர் பங்கு. வெந்நீரில் முக்கியெடுத்த பருப்பின் உள்தோலை நகத்தால் கீறி, பச்சை மணியை நழுவவிடுவது மனைவியின் பங்கு. கிரீசில் ஊறித் தடித்த அவர் விரல்களில் அது கூழாகிவிடும்.

"ஏங்க, அது என்ன உங்க கம்பெனி நட்டா? இந்த முறுக்கு முறுக்குறீங்க!" என்று சிரிப்பாள். பூண்டும் மிளகும் எண்ணெயில் பொரிய, மணிகளைப் போட்டுப் புரட்டினால் போதும். தட்டுக்கு வருமுன்னே வாணலி காலியாகும்.

மகளின் பேறுகாலத்துக்காகக் கடல் கடந்தவள், புறப்படுமுன் மாடித் தொட்டிகளில் விதை ஊன்றினாள். "காய்க்கிறதுக்குள்ள வந்துடுவேன்" என்றாள். குளிரில் செடி தழைத்தது. கருவிழி பதித்த வெண்பூக்கள் கண் திறந்தன. அவள் சொன்னபடியே நுனி கிள்ளினார். காய்கள் வானம் பார்த்து நின்றன. அவள்தான் வரவில்லை. முதலில் குழந்தைக்குச் சளி. பிறகு மகளுக்கு விடுப்பு தீர்ந்தது.

துணி உலர்த்த வந்த கீழ்வீட்டுத் தையற்காரம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"என்ன அண்ணே, கண்காட்சிக்கா வச்சிருக்கீங்க? முத்திப் போகுது. குடுங்க, நான் உரிச்சுத் தர்றேன்."

"வேணாம்மா. உரிக்கிற ஆள் வருது."

"போன மாசமும் இதையேதான் சொன்னீங்க. கூப்பிட்டா வர்றதுல உங்க லிஃப்ட்டே தேவலை போலிருக்கு!"

அவர் சிரித்தார், சிரிப்பு உதட்டோடு நின்றது.

ஞாயிறு காலை மனைவி தொலைபேசியில் அழைத்தாள்.

"காய் பறிச்சீங்களா?"

"இன்னும் பிஞ்சுதான்."

"பூ விட்டு மூணு மாசமாச்சு. இன்னுமா பிஞ்சு? யார்கிட்ட கதை விடுறீங்க?"

செடியைப் பார்த்தார். காய்கள் கருத்துச் சுருங்கிக் காற்றில் கலகலத்தன.

"கருத்துடுச்சு."

"ஒண்ணுகூடவா சாப்பிடல?"

"நீயில்லாம யாரு உரிக்கிறது?"

மூக்குறிஞ்சும் ஓசை கேட்டது. பிறகு சொன்னாள்: "விதையாச்சும் ஆச்சுல்ல. எடுத்து வைங்க. அடுத்த குளிருக்கு நானே வந்து நடுறேன்."

அன்று பகல் முழுதும் மாடியில் அமர்ந்து, தம் பங்கு வேலையைச் செய்தார். கருத்த தோலைப் பிளந்து விதைகளை எடுத்தார். ஒன்றை விரலிடை வைத்து அழுத்திப் பார்த்தார். எத்துணை அழுத்தியும் நசுங்கவில்லை. எல்லாவற்றையும் கண்ணாடிச் சாடியில் இட்டு, கட்டிலில் அவள் படுக்கும் பக்கத்துச் சன்னல்மேடையில் வைத்தார்.